நேரில் உதவுவது நல்லதா, தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பது நல்லதா?

சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, யாரை நம்பிக் கொடுப்பது என்று தெரியாமல் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் மும்பையில் இருப்பவள். பரேல் டாடா மெமோரியல் மருத்துவமனைக்கு வெளியே நடைபாதையில் தங்கியிருக்கும் குடும்பங்களைப் பார்த்த யாருக்கும் இந்தக் கேள்வி வரும்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு அம்மா, ரத்தப் புற்றுநோய் வந்த மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கும்போது மும்பை எதற்கு என்று உடனே சிலர் கேட்பார்கள். அவருக்கென்று இருப்பது ஒரே தம்பி, அவர் தாராவியில் இருக்கிறார். ஆள் துணை இருக்கிற ஊருக்குத்தானே வருவார்கள்? அந்த அம்மாவுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. டாக்டர் சொல்வதை நான் தமிழில் சொன்னேன், வரிசையில் நின்றேன். பையனுக்குத் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) தேவைப்பட்டபோது ஆபீஸில் கெஞ்சி ஆள் பிடித்தேன். தட்டணுக்களைச் சாதாரணமாக 5 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேவைப்படும் வாரத்தில் யாராவது நேரில் போய்க் கையை நீட்டியாக வேண்டும். அந்த இடத்தில் காசோலையால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆனால் தங்குவதற்கு? கீமோ நடக்கும்போது வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும், சின்னக் காய்ச்சலே உயிருக்கு ஆபத்தாகலாம். தம்பி வீடோ ஒரே அறை, அதில் மொத்தக் குடும்பமும். பையனுக்கு வந்த வகைக்கு வைத்தியம் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடும். அத்தனை மாத வாடகையை என் சம்பளம் தாங்காது. கடைசியில் ஒரு டிரஸ்ட் நோயாளிக் குடும்பங்களுக்காக நடத்தும் விடுதியில்தான் இடம் கிடைத்தது. முகம் தெரியாத பலர் வருஷக்கணக்காகப் போட்ட பணம் அது. "டிரஸ்ட் எல்லாம் ஏமாற்று" என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்களை அதனால்தான் என்னால் ஏற்க முடிவதில்லை.

அதற்கு முன்னால் எங்கள் கட்டடத்திலேயே காலியாக இருந்த வீட்டைக் கேட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் சரி என்றார், சொசைட்டிக்காரர்கள், அதாவது கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்தார், விடவில்லை. "கேன்சர் பேஷண்ட், குழந்தைகள் இருக்கிற இடம்" என்றார்கள். புற்றுநோய் பக்கத்து வீட்டுக்கு ஒட்டிக்கொள்ளாது என்பது படித்தவர்களுக்குத் தெரியாதா? கணபதி வசூலுக்கு மட்டும் முதல் ஆளாக வந்து கதவைத் தட்டுகிறார்கள். கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் பெருமைக்காக எழுதுவதாகச் சிலர் சொல்லலாம், சொல்லட்டும். என்னைக் கேட்டால், மாதாமாதம் தரும் பணத்தை இப்படி விடுதி நடத்தும் டிரஸ்டுக்குக் கொடுங்கள். போய் ஒரு தடவை அறைகளைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். வரிக் கழிவை நம்பிக் கொடுப்பதாக இருந்தால் ஒன்று: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் நன்கொடைக்கான வரிக் கழிவு (80ஜி என்பார்கள்) கிடைக்காது, புதிய வரி முறையில் அந்தக் கழிவே கிடையாது. அப்புறம், உடம்பு நன்றாக இருந்தால் பக்கத்து ரத்த வங்கியில் தட்டணு கொடுக்கப் பெயர் பதிந்து வையுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், போகும்போது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.