ப்ரீ-அப்ரூவ்டு கார்டு: வங்கி கூப்பிட்டால் கிடைத்துவிடுமா?

வாசகர் கேள்வி – பதில்

கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கரில் தேயிலை வைத்திருக்கிறோம். பச்சைத் தேயிலை விலை விழுந்த சமயத்தில் கட்ட முடியாமல் போன தனிநபர் கடனை 2022-ல் பேசி செட்டில்மென்ட் செய்தோம், அதாவது குறைத்த தொகையைக் கட்டி முடித்தோம். இப்போது வங்கி ஆப்பைத் திறந்தாலே ‘75,000 ரூபாய் லிமிட்டில் ப்ரீ-அப்ரூவ்டு கிரெடிட் கார்டு’ என்று வருகிறது. விண்ணப்பித்தேன், இரண்டே நாளில் நிராகரித்துவிட்டார்கள். அவர்களே கூப்பிட்டுவிட்டு அவர்களே இல்லை என்றால் எப்படி?
— வாசகி, கோத்தகிரி

‘அப்ரூவ்டு’ என்று எழுதியிருந்தாலும், அந்த நிமிடம் வரை உங்கள் விண்ணப்பத்தை யாரும் பரிசீலிக்கவில்லை. கணக்கில் சராசரியாக எவ்வளவு இருக்கிறது, மாதாமாதம் பணம் வருகிறதா, செக் திரும்பியிருக்கிறதா என்று சில அளவுகளை வைத்து வங்கி தன் வாடிக்கையாளர் பட்டியலை மொத்தமாகச் சலிக்கும். தேறியவர்கள் எல்லோருக்கும் அந்த வாசகம் போகும். நீங்கள் ‘சம்மதம்’ கட்டத்தை டிக் செய்து அனுப்பிய பிறகுதான் உங்கள் முழு கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது நீங்கள் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் அறிக்கையை எடுப்பார்கள். பழைய கடனுக்கு எதிரே ‘செட்டில்டு’ என்று இருப்பது அப்போதுதான் கண்ணில் படும். வருமானச் சான்று, முகவரி பொருந்தாமல் போனாலும் இதே கதைதான்.

வங்கி பட்டியலைச் சலித்ததால் உங்கள் ஸ்கோர் (அந்த ரிப்போர்ட்டை வைத்துத் தரும் மதிப்பெண்) குறையாது. உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே எடுத்துப் பார்த்தாலும் குறையாது. விண்ணப்பித்தால் மட்டும், எந்த வங்கி, எந்தத் தேதி, எதற்காக, எவ்வளவு தொகைக்கு என்று ‘என்கொயரி’ பகுதியில் ஒரு வரி ஏறும். ஒரு வரியால் பெரிய சேதமில்லை. கோபத்தில் அடுத்தடுத்து நான்கு வங்கிகளில் போட்டுப் பார்ப்பதுதான் ஆபத்து. பணமுடையில் அலைகிறார் என்று அடுத்த வங்கி அதைப் படிக்கும். ஆறு மாதமாவது புது விண்ணப்பம் எதுவும் வேண்டாம்.

நிராகரித்ததற்கான முக்கியக் காரணத்தை வங்கி எழுத்தில் தர வேண்டும். இது கிரெடிட் கார்டுகளுக்கான ரிசர்வ் வங்கியின் விதி. மின்னஞ்சலில் கேளுங்கள். கூடவே ரிப்போர்ட்டையும் எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருடம் முழுக்கக் கண்காணித்த மாதிரி ஆகிவிடும், காசும் செலவில்லை.

ரிப்போர்ட்டில் ஸ்கோரைவிட முக்கியம், ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாக இருக்கும் கட்டங்கள். ‘000’ என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை. ‘030’, ‘060’ என்றால் அத்தனை நாள் தாமதம். உங்களுடைய பழைய கடனில் ‘செட்டில்டு’ என்பதோடு, வங்கி தள்ளுபடி செய்த தொகையும் இருக்கலாம். அதைக் கட்ட முடிந்தால் கட்டிவிடுவதே நல்லது. ஆனால் பணத்தைக் கட்டுவதற்கு முன்பே, ‘இதைக் கட்டினால் கணக்கை க்ளோஸ்டு என்று மாற்றி அனுப்புவோம்’ என்று கடிதம் வாங்குங்கள். கட்டிய பிறகு நோ டியூ (பாக்கி இல்லை) சான்றிதழ் வாங்குங்கள். கடிதம் இல்லாமல் கட்டிவிட்டு, பிறகு வங்கிக் கிளைக்கு நடையாய் நடப்பவர்கள் நிறைய.

அதன் பிறகும் ரிப்போர்ட் மாறவில்லை என்றால் ரிப்போர்ட் தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாகப் புகார் பதியலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ‘க்ளோஸ்டு’ என்று மாறினாலும் பழைய தாமதக் கட்டங்கள் உடனே அழியாது. அவற்றுக்கு மேல் புதிதாக ‘000’ சேரச் சேரத்தான் மதிப்பு திரும்பும்.

கொடைக்கானலில் டாக்சி ஓட்டுகிறேன். சீசன் இல்லாத மாதங்களில் வண்டித் தவணை இரண்டு மூன்று தப்பியிருக்கிறது. ‘உங்கள் சிபில் எப்படி இருந்தாலும் ஒரு லட்சம் லிமிட் கார்டு ரெடி, 2,499 ரூபாய் கட்டினால் போதும்’ என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வருகிறது. கட்டலாமா?
— வாசகர், கொடைக்கானல்

கட்டாதீர்கள். கார்டு தருவதற்கு முன் ஜிபேயில் பணம் அனுப்பச் சொல்வது மோசடிதான். உண்மையான வங்கிக் கார்டில் சேர்க்கைக் கட்டணம் இருந்தாலும், அது முதல் பில்லில்தான் வரும். லிங்க்கைத் தொட்டால் ஒரு ஆப்பை இறக்கச் சொல்லும். அதை இறக்கினால் உங்கள் ஓ.டி.பி.க்கள் அவர்கள் கைக்குப் போகும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

ஆஃபர் நிஜமா என்று தெரிய ஒரே வழி: அந்த லிங்க்கை விட்டுவிட்டு, வங்கியின் சொந்த ஆப்பிலோ நெட்பேங்கிங்கிலோ நீங்களே நுழைந்து பாருங்கள். அங்கே இல்லாத ஆஃபர் இல்லவே இல்லை. ‘ஸ்கோர் குறையாமல் தகுதி பார்க்கலாம்’ என்னும் தளங்களில் முதல் பக்கம் வரை அது உண்மையாக இருக்கலாம். கடைசிப் பட்டனுக்கு மேலே பொடி எழுத்தில், எந்தெந்த நிறுவனங்கள் உங்கள் ரிப்போர்ட்டை எடுக்கச் சம்மதிக்கிறீர்கள் என்று இருக்கும். அதைப் படிக்காமல் அழுத்தினால் பல என்கொயரி ஏறிவிடலாம்.

உங்களுக்குக் கார்டு இப்போது அவசரமில்லை. தப்பிய தவணைகளை நேர் செய்யுங்கள். ஏப்ரல், மே சீசன் வருமானத்தில் இரண்டு மாதத் தவணையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்தால், மழைக்கால மாதங்களிலும் ‘000’ விழும்.

கூடலூரில் எங்கள் நிலத்துக்குப் பட்டா இல்லை. அதை வைத்துக் கடன் வாங்க வழியில்லை, ஸ்கோரும் மோசம். எஃப்.டி. (நிரந்தர வைப்பு) போட்டால் கார்டு தருவார்கள் என்கிறார்களே?
— வாசகர், கூடலூர்

தருவார்கள். கெட்ட ஸ்கோரைத் தேற்ற இதைவிட நேரான வழி இல்லை என்பது எங்கள் கருத்து. பட்டா தேவையில்லை, ஆதார், பான், எஃப்.டி. போதும். லிமிட் பெரும்பாலும் எஃப்.டி. தொகையில் 80 முதல் 100 சதவீதம். 25,000 ரூபாய் போட்டால் 20,000 லிமிட் என்று வையுங்கள். எஃப்.டி.க்கு வட்டி வந்துகொண்டிருக்கும், ஆனால் கார்டு இருக்கும்வரை அதை எடுக்க முடியாது. வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆண்டுக் கட்டணம் உண்டா? பில் விவரம் சிபிலுக்குப் போகிறதா? இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றால் அந்தக் கார்டால் உங்களுக்குப் பயனில்லை.

கேஸ், மளிகை, உரக்கடை என்று எப்படியும் செய்யும் செலவை மட்டும் இதில் போடுங்கள். பில் போடும் நாளில் பாக்கி 6,000 ரூபாய்க்குள், அதாவது லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் இருக்கட்டும். உரத்துக்கு 15,000 தேய்க்க நேர்ந்தால், பில் தேதிக்கு முன்பே 9,000-ஐக் கட்டிவிடுங்கள். பில் தேதியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. இலைப் பணமோ மிளகுப் பணமோ எந்த வாரம் கைக்கு வரும் என்று பார்த்து, கெடு அதற்குப் பிறகு விழுமாறு வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் வழுக்கும் இடம், ‘மினிமம் டியூ’, அதாவது பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகை. அதை மட்டும் கட்டினால் தாமதம் என்று பதியாது, ஆனால் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும். மாதம் 3.5 சதவீதம் என்றால் 20,000 ரூபாய்க்கு 700 ரூபாய் வட்டி, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 126, மொத்தம் 826 ரூபாய். ஏ.டி.எம்.மில் இந்தக் கார்டைச் செருகவே கூடாது, வட்டி அன்றே தொடங்கும். கட்டாமல் விட்டால் எஃப்.டி.யில் எடுத்துக்கொள்வார்கள், ரிப்போர்ட்டிலும் கறை விழும்.

கெடு தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் ‘பாஸ்ட் டியூ’ (கெடு தாண்டிய பாக்கி) என்று பதிய முடியும். மலையில் நெட்வொர்க் போகும் நாள்களுக்கு அந்த மூன்று நாள் உதவும். ஆனால் ஆட்டோ டெபிட்டில் ‘முழுத் தொகை’ என்று தேர்ந்தெடுத்துவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

கேட்காமலேயே ஒரு கிரெடிட் கார்டு தபாலில் வந்திருக்கிறது. வெட்டிப் போட்டால் போதுமா?
— வாசகர், குன்னூர்

போதாது, கணக்கு உயிரோடு இருக்கும். சம்மதம் இல்லாமல் கார்டு தர வங்கிக்கு அனுமதி இல்லை. ஆக்டிவேட் செய்யாதீர்கள், ஓ.டி.பி. கேட்டால் சொல்லாதீர்கள். 30 நாளுக்கு மேல் ஆக்டிவேட் ஆகாத கார்டுக்கு வங்கி ஓ.டி.பி. மூலம் சம்மதம் கேட்க வேண்டும். நீங்கள் தராவிட்டால் ஏழு வேலை நாளில் கட்டணமின்றி மூட வேண்டும். அதற்குக் காத்திராமல் இன்றே எழுத்தில் மூடச் சொல்லுங்கள். அந்தக் கார்டுக்குக் கட்டணம் போட்டிருந்தால் அதைத் திருப்பித் தருவதோடு, அதைப் போல இரு மடங்கு அபராதமும் வங்கி தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448.