பாராகுவாட் அடிப்பவருக்குச் சீக்கிரம் வயசாகுமா?

ஏற்காடு நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "பாராகுவாட் களைக்கொல்லி கொடுத்த ஆய்வக எலிகளுக்குச் சீக்கிரம் வயசாகிறதாமே, நாங்களும் அதைத்தான் அடிக்கிறோம், எங்களுக்கும் அப்படி ஆகுமா? தினமும் நெல்லிக்காய் சாப்பிட்டால் போதுமா?"

ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் தீவிரப் பொருட்கள் செல்லைச் சேதப்படுத்தும் நிலையை, வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்க ஆய்வாளர்கள் எடுக்கும் பொருட்களில் பாராகுவாட்டும் ஒன்று. செல்லுக்குள் போனதும் ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுத்து அதை சூப்பர் ஆக்சைடு என்ற ஃப்ரீ ராடிக்கலாக (எதோடும் சட்டென்று வினைபுரியும் பொருளாக) ஆக்கும், கொடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த எலக்ட்ரானைப் பிடிக்கும். தான் செலவாவதே இல்லை என்பதால் கொஞ்சம் போனாலும் நிறைய சேதம். செல்லைக் காக்கும் குளுட்டாதயோன் தீர்ந்துபோய், சவ்வில் இருக்கும் கொழுப்பும் டிஎன்ஏவும் பாழாகும். வெயிலில் உங்கள் களை சில மணி நேரத்தில் கருகுவதும் இதே வேலையால்தான்.

முதுமைக்கு இப்படிப்பட்ட ஃப்ரீ ராடிக்கல்களே காரணம் என்று அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் 1956இல் சொன்னார். 2018இல் வந்த எலி ஆய்வில், பாராகுவாட் மூளையில் நரம்பு செல்களுக்குத் துணை நிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களைக் கிழட்டுச் செல்களாக்கியது, அவற்றை நீக்கியதும் பாதிப்பு குறைந்தது. ஆனால் 2010இல் சின்னஞ்சிறு புழுக்களுக்கு மிகக் குறைந்த அளவு கொடுத்தபோது ஆயுள் கூடியது! ஆக, எல்லாம் அளவைப் பொறுத்தது. எலிக்கு ஊசியில் ஏற்றும் அளவை வைத்து உங்கள் வயசைக் கணக்குப் போட முடியாது.

எனக்குக் கவலை வேறு. இந்த மருந்து நுரையீரலில் போய்ச் சேர்ந்து தங்கும், விஷத்தை முறிக்கும் மாற்று மருந்து கிடையாது. நல்ல தோல் வழியாகக் கொஞ்சம்தான் இறங்கும், ஆனால் சிராய்ப்பு, புண், சொறி இருந்தால் கதையே வேறு. ஒழுகுகிற டேங்கை முதுகில் மாட்டி, நனைந்த சட்டையோடே நாள் முழுக்க அடித்தவர்கள் இறந்திருக்கிறார்கள். கலக்கும் நேரம்தான் ரொம்ப ஆபத்து, கேனில் இருப்பது 24 சதவீதக் கரைசல். ரப்பர் கையுறை, கண்ணாடி, பூட்ஸ் இல்லாமல் யாரையும் கலக்க விடாதீர்கள். நகம் நிறம் மாறினாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ அந்த ஆளை உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. யாராவது தெரியாமல் ஒரு வாய் குடித்துவிட்டால், நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் காத்திருக்காமல், கேனையும் எடுத்துக்கொண்டு சேலம் அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். தேவையில்லாமல் ஆக்சிஜன் கொடுத்தால் சேதம் கூடும் என்பதால், குடித்தது எது என்று டாக்டருக்கு முதலிலேயே தெரிய வேண்டும்.

நெல்லிக்காய் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அது கையுறையின் வேலையைச் செய்யாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் இந்த மருந்துக்கு அனுமதி இல்லை. உங்கள் தோட்டத்திலும் இது இல்லாமல் சமாளிக்கலாம்: சில்வர் ஓக் நிழல் நன்றாக இருக்கும் இடத்தில் களை அவ்வளவாக வராது, அங்கே அரிவாளால் வெட்டி அப்படியே மூடாக்காகப் போட்டால் சரிவில் மண்ணும் நிற்கும். இளஞ்செடி நட்ட திறந்த இடத்துக்கு மட்டும் கூலி கொஞ்சம் கூடுதலாகும்.