“நாங்களா உங்களை அங்கே அனுப்பினோம்?” – ஆப்கானில் சோவியத் போர், கேள்வி பதில்

போன வாரம் 1979 முதல் 1989 வரை ஆப்கானிஸ்தானில் சோவியத் ராணுவம் பட்ட பாட்டைப் பற்றி நாலு வரி எழுதப்போய்க் கேள்விகள் குவிந்துவிட்டன. தனித்தனியாகப் பதில் போட்டு மாளவில்லை, எல்லாவற்றையும் இங்கேயே வைத்துக்கொள்வோம். நான் பேராசிரியர் எல்லாம் இல்லை, பல வருடமாக இந்த ஒரு போரைப் பிடித்துக்கொண்டு படிப்பவள், அவ்வளவுதான்.

கேள்வி: அக்கா, சோவியத் ஏன் உள்ளே போனது? கடல் துறைமுகம் பிடிக்கத்தானே?

பதில்: அந்தத் துறைமுகக் கதையை எல்லோரும் சொல்வார்கள். பிற்பாடு வெளிவந்த பொலிட்பீரோ (சோவியத் கட்சியின் உச்சக் குழு) குறிப்புகளில் அப்படி ஒரு பேச்சே இல்லை, தம்பி. நடந்தது இதுதான். 1978 ஏப்ரலில் காபூலில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். நிலச்சீர்திருத்தம், எழுத்தறிவு, கல்யாணச் சட்டம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில், அதுவும் துப்பாக்கியைக் காட்டிச் செய்யப்போக, கிராமங்கள் கொதித்துவிட்டன. 1979 மார்ச்சில் ஹெராத் நகரத்தில் ராணுவப் பிரிவே கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்துகொண்டது.

அப்போது ஆப்கான் தலைவர் தராக்கியும் சோவியத் பிரதமர் கொசிகினும் தொலைபேசியில் பேசியது அப்படியே எழுத்தில் கிடைக்கிறது. படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. உங்கள் நாட்டு தாஜிக், உஸ்பெக் பையன்களுக்கு எங்கள் சீருடையைப் போட்டு டாங்கிகளில் அனுப்புங்கள், யாருக்கும் அடையாளம் தெரியாது என்கிறார் தராக்கி. இரண்டு மணி நேரத்தில் உலகத்துக்கே தெரிந்துவிடும் என்கிறார் கொசிகின். எங்களிடம் பயிற்சி எடுத்த உங்கள் அதிகாரிகள் நூற்றுக்கணக்கில் இருந்தார்களே, அவர்கள் எல்லாம் எங்கே என்றும் கேட்கிறார். அந்த மார்ச்சில் மாஸ்கோ எடுத்த முடிவு, படை கிடையாது. கேஜிபி தலைவர் ஆந்திரபோவ், வெளியுறவு அமைச்சர் குரோமிகோ இருவருமே வேண்டாம் என்றுதான் பேசினார்கள்.

கேள்வி: மார்ச்சில் வேண்டாம் என்றவர்கள் டிசம்பரில் எப்படிச் சரி என்றார்கள்?

பதில்: இடையில் ஒரு கொலை. செப்டம்பரில் தராக்கி மாஸ்கோ வழியாக ஊர் திரும்பினார், சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் கட்டியணைத்து வரவேற்றார். அடுத்த மாதமே அவருடைய கட்சித் தோழர் அமீன், தலையணையால் முகத்தை அமுக்கி அவரைத் தீர்த்துக்கட்ட வைத்தார். பிரெஷ்னெவ் கிழவருக்கு அது சொந்த அவமானமாகப் பட்டது. அதோடு ஆட்சியில் உட்கார்ந்த அமீன் அமெரிக்கா பக்கம் சாய்ந்துவிடுவாரோ என்ற சந்தேகம் வேறு.

டிசம்பர் 12 அன்று ஒரே ஒரு தாளில், கட்சி நிர்வாகி செர்னென்கோ கையாலேயே எழுதியது, முடிவு ஆனது. தலைப்பில் நாட்டின் பெயர்கூடக் கிடையாது, “‘ஆ’வில் நிலைமை” என்று இருக்கிறது. படை போகட்டும் என்று பின்னால் நின்று தள்ளியவர்கள் மூன்று பேர்: ஆந்திரபோவ், குரோமிகோ, பாதுகாப்பு அமைச்சர் உஸ்தினோவ். மார்ச்சில் மறுத்த கொசிகின் அன்றைக்குக் கூட்டத்திலேயே இல்லை. தலைமைத் தளபதி ஒகார்கோவ் எதிர்த்துப் பார்த்தார், உத்தரவை நிறைவேற்றுவதுதான் உன் வேலை என்று வாயை அடைத்துவிட்டார்கள். நம் ஊர் சொசைட்டி கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டுவதற்குக்கூட இதைவிட அதிக நேரம் சண்டை போடுவார்கள்.

டிசம்பர் 27 அன்று காபூல் தஜ்பெக் அரண்மனையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானச் சாப்பாட்டில் அமீனுக்கு விஷம் வைத்தாயிற்று. விஷயம் தெரியாத சோவியத் மருத்துவர்கள் ஓடிப்போய் அவரைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். சாயங்காலம் சோவியத் சிறப்புப் படை உள்ளே புகுந்து அவரைச் சுட்டது. காப்பாற்றிய மருத்துவர்களில் ஒருவரும் அந்தத் தாக்குதலில் செத்தார். ரஷ்யர்கள் தனக்கு உதவிக்கு வந்திருக்கிறார்கள் என்றே ஏறக்குறைய கடைசிவரை அமீன் நம்பியிருந்தார்.

கேள்வி: மேடம், எங்கள் தாத்தா வீட்டுக்கு ‘சோவியத் நாடு’ பத்திரிகை வரும், வழவழ தாளில் நோட்டுக்கு அட்டை போட்டிருக்கிறோம். அதில் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். மக்களுக்கு இந்தப் போர் பிடிக்கவில்லை என்பது எப்படித் தெரியும்? ஊர்வலம் இல்லை, தேர்தல் இல்லை, பத்திரிகை இல்லை.

பதில்: நல்ல கேள்வி, நான் இந்தப் போரைப் படிக்க ஆரம்பித்ததே இதற்காகத்தான். அட்டை நாங்களும் போட்டோம்!

சோவியத் தொலைக்காட்சியில் ஆப்கானில் போரே இல்லை. சிப்பாய்கள் மரம் நடுவார்கள், பள்ளிக்கூடம் கட்டுவார்கள். படைக்கு வைத்த பெயர் “குறிப்பிட்ட அளவு படைப்பிரிவு”, வேலைக்கு வைத்த பெயர் “சர்வதேசக் கடமை”. ஆனால் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. துத்தநாகத் தகட்டுப் பெட்டியை ஈயம் வைத்து அடைத்து, அதை மரப்பெட்டிக்குள் இறக்கி, அந்தோனோவ்-12 விமானத்தில் ஏற்றுவார்கள். சிப்பாய்கள் அந்த விமானத்துக்கு வைத்த பெயர் ‘கறுப்பு துலிப்’. வீட்டில் பெட்டியைத் திறக்கக் கூடாது. உள்ளே கிடப்பது என் பிள்ளைதானா என்று தெரியாமலே புதைத்த அம்மாக்கள் உண்டு.

1981 ஜூலையில் பொலிட்பீரோவில் இதைப் பற்றி ஒரு பேச்சு வந்தது. இறந்தவன் குடும்பத்துக்குக் கல்லறைக் கல்லுக்காக ஆயிரம் ரூபிள் கொடுக்கலாம் என்று யோசனை. கட்சியின் சித்தாந்தப் பெரியவர் சுஸ்லோவ் தயங்குகிறார். பணம் பிரச்சினை இல்லையாம், ஆனால் ஒரே மயானத்தில் இந்த மாதிரிக் கல் பல நின்றால் அரசியல் ரீதியாகச் சரியில்லையாம். ஆந்திரபோவும் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார். அதனால் ஆரம்ப வருடங்களில் கல்லில் ஆப்கானிஸ்தான் என்ற சொல்லே கிடையாது. எத்தனை பேர் செத்தார்கள் என்று அரசு முதல்முதலாக வாய் திறந்தது 1988 மே மாதம், அதாவது எட்டரை வருடம் கழித்து.

கல்லில் எழுதாவிட்டால் தெருவுக்குத் தெரியாமல் போகுமா? மூன்றாவது வீட்டுப் பையன் பெட்டியில் வந்தால் அந்தத் தெரு அம்மாக்கள் எல்லோருக்கும் தெரியும். கடிதம் எழுதினார்கள். பத்திரிகைக்கும் கட்சிக்கும் வந்த அந்தக் கடிதங்களில் சிலவற்றை 1985 அக்டோபரில் புதுத் தலைவர் கோர்பச்சேவ் பொலிட்பீரோவில் வாசித்தே காட்டினார். அப்புறம் கேசட்டுகள். முகாமில் கிடார் வைத்துச் சிப்பாய்கள் பாடிப் பதிவு செய்ததை எல்லைச் சுங்கத்தில் பிடுங்குவார்கள், அதையும் தாண்டி அது வீடு வீடாகப் போனது.

கேள்வி: திரும்பி வந்தவர்களைக் கொண்டாடினார்களா?

பதில்: எங்கே. கால் போனவன் செயற்கைக் காலுக்கோ வீட்டுக்கோ மனு போட்டால், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு வாக்கியம் வரும்: “நாங்களா உங்களை அங்கே அனுப்பினோம்?” ஆப்கான் போன ஒவ்வொருவனும் அதைச் சொல்வான். தலைப்பில் நான் வைத்திருப்பதும் அதுதான்.

கேள்வி: சிப்பாய்களின் அன்றாடம் எப்படி இருந்தது?

பதில்: 18, 19 வயதுப் பையன்கள், கட்டாயச் சேவை. மொத்தம் 6 லட்சத்து 20 ஆயிரம் பேர் போய்வந்தார்கள், ஒரே சமயத்தில் அங்கே இருந்தது ஒரு லட்சத்தை ஒட்டி. செத்தவர்கள் சுமார் 15 ஆயிரம். ஆனால் எனக்கு வாயைப் பிளக்க வைத்த எண் வேறு: மஞ்சள் காமாலை மட்டும் 1 லட்சத்து 15 ஆயிரம் பேருக்கு, டைபாய்டு 31 ஆயிரம் பேருக்கு. கொதிக்க வைக்காத தண்ணீர், கழுவாத தட்டு. முஜாகிதீன் கிளர்ச்சிக்காரர்களின் குண்டைவிடக் கக்கூஸ்தான் அந்தப் படையைப் படுக்க வைத்தது. முகாமுக்குள் சீனியர்களின் ராகிங் வேறு, அது நம் கல்லூரி ராகிங் மாதிரி இல்லை, எலும்பு உடையும்.

சம்பளத்தில் ஒரு பகுதி ‘செக்’ என்ற சிறப்புச் சீட்டாக வரும், ஊரில் சாதாரண ஆள் நுழைய முடியாத கடைகளில் அது செல்லும். காபூல் கடைகளில் ஜப்பான் டேப் ரெக்கார்டரும் ஜீன்ஸும் குவிந்து கிடக்கும், மாஸ்கோவில் கனவில்தான் பார்க்கலாம். அதை வாங்கப் பெட்ரோலை விற்றார்கள், டப்பாப் பாலை விற்றார்கள், தோட்டாவையும் விற்றார்கள். தோட்டாவை வேகவைத்து விற்றால் அது நம்மையே திரும்பி வந்து சுடாது என்று நம்பியவர்கள்கூட உண்டு.

கேள்வி: ரஷ்யப் பையன்களுக்கே உருகுகிறீர்களே, ஆப்கான் மக்கள் கணக்கில் வரமாட்டார்களா?

பதில்: சரியான குத்து, ஏற்றுக்கொள்கிறேன். செத்த ஆப்கானியர்கள் 10 லட்சம் இருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லும் மதிப்பீடு, யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. 50 லட்சத்துக்கு மேல் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் ஓடினார்கள், கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். கிளர்ச்சிக்காரனுக்குச் சோறு போடும் கிராமமே இல்லாமல் போகட்டும் என்று குண்டு போட்டார்கள். மலையடியிலிருந்து நிலத்துக்கடியில் தண்ணீர் கொண்டுவரும் ‘காரேஸ்’ வாய்க்கால்கள் தூர்ந்தன. அது போனால் வயல் போச்சு, வயல் போனால் ஊர் போச்சு.

அப்புறம் அந்தப் பட்டாம்பூச்சிக் கண்ணிவெடி. உள்ளங்கை அளவு பச்சைப் பிளாஸ்டிக், ஆகாயத்திலிருந்து தூவினால் மிதந்து இறங்குவதற்காக ஒரு இறக்கை. பொம்மை மாதிரி வேண்டுமென்றே செய்தார்கள் என்பது வதந்தி, இறக்கை பறக்கத்தான். ஆனால் ஆடு மேய்க்கும் குழந்தை அதைக் கையில் எடுக்கும்போது இந்த விளக்கம் எதற்கு உதவும்?

கேள்வி: எல்லாமே அமெரிக்கா வைத்த பொறி, ஸ்டிங்கர் ஏவுகணைதான் சோவியத்தைத் துரத்தியது. சரிதானே சார்?

பதில்: சார் இல்லை, அக்கா. பாதி பாதி. படை நுழைவதற்கு முன்பே 1979 ஜூலை 3 அன்று அமெரிக்க அதிபர் கார்ட்டர் கிளர்ச்சிக்காரர்களுக்கு ஆயுதமில்லாத உதவிக்குக் கையெழுத்துப் போட்டது உண்மை. ஆனால் பொலிட்பீரோவை உறுத்தியது அந்தச் சின்னத் தொகை இல்லை, அமீன். பிற்பாடு சிஐஏ, சவுதி பணம் வெள்ளமாக வந்தது, பாகிஸ்தான் உளவுத்துறை கைவழியாகத் தனக்குப் பிடித்த குழுக்களுக்குப் போனது. தோளில் வைத்து விமானத்தைச் சுடும் அந்த ஸ்டிங்கர் முதலில் சுட்டது 1986 செப்டம்பரில், ஜலாலாபாத் பக்கம். கோர்பச்சேவோ வெளியேற வேண்டும் என்று 1985-லேயே பேசியாயிற்று, 1986 பிப்ரவரியில் கட்சி மாநாட்டில் இதை ரத்தம் ஒழுகும் புண் என்றார்.

என்னைக் கேட்டால் எரிச்சல் அங்கேதான். புண் என்று தெரிந்த பிறகும் மூன்று வருடம். தோற்று ஓடியதுபோலத் தெரியக் கூடாது என்ற மானப் பிரச்சினை. அந்த மூன்று வருடத்தில் செத்தவன் எதற்காகச் செத்தான் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: இந்தியா என்ன செய்தது?

பதில்: நெளிந்தது. 1980 ஜனவரி 14 அன்று ஐ.நா. பொதுச்சபை அந்நியப் படை வெளியேற வேண்டும் என்று 104-க்கு 18 என்று தீர்மானம் போட்டது, வாக்களிக்காமல் ஒதுங்கிய வேறு 18 நாடுகளில் நாமும் ஒன்று. அதே நாளில்தான் இந்திரா மறுபடி பிரதமராகப் பதவியேற்றார். ஆயுதம் மாஸ்கோவிலிருந்து வருகிறது, 1971 இந்திய-சோவியத் நட்பு ஒப்பந்தம் இருக்கிறது, என்ன பேச முடியும். அதற்கான விலையும் பக்கத்திலேயே வந்தது: 1981-ல் அமெரிக்கா பாகிஸ்தானுக்கு 320 கோடி டாலர் உதவி அறிவித்தது.

கேள்வி: இந்தப் போரால்தான் சோவியத் உடைந்ததா?

பதில்: இல்லை. எண்ணெய் விலை விழுந்தது, கடைகள் காலி, குடியரசுகள் பிய்த்துக்கொண்டன. இதுவும் ஒரு கல், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால் படை போனதும் விழுந்துவிடுவார் என்று நினைத்த, மாஸ்கோ ஆதரவில் காபூலை ஆண்ட நஜிபுல்லா 1992 ஏப்ரல் வரை நின்றார், சோவியத் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது.

கேள்வி: உள்நாட்டில் யாருமே வெளிப்படையாக எதிர்க்கவில்லையா?

பதில்: சகாரோவ். ஹைட்ரஜன் குண்டு செய்த விஞ்ஞானி. படை போனதைக் கண்டித்தார் என்று 1980 ஜனவரியில் நடுத்தெருவில் பிடித்து, கோர்க்கி நகரத்துக்குக் கடத்தி, ஏறக்குறைய ஏழு வருடம் வைத்திருந்தார்கள்.

ஆனால் எனக்கு அதைவிட 1989 ஜூன் 2 முக்கியம். போர் முடிந்தாயிற்று, சகாரோவ் மக்கள் பிரதிநிதி. எதிரியால் சூழப்பட்ட சோவியத் சிப்பாய்களையே சோவியத் ஹெலிகாப்டர்கள் சுட்டதாகத் தகவல் உண்டு என்று ஒரு கனடா பத்திரிகையிடம் சொல்லியிருந்தார். இரண்டு காலையும் ஆப்கானில் விட்டுவிட்டு வந்த ஒரு பிரதிநிதி மேடை ஏறி அவரை வறுத்தெடுத்தார். வல்லரசு, தாய்நாடு, கம்யூனிசம் என்று மூன்று சொல்லில் முடித்தார். சபையே எழுந்து நின்று கைதட்டியது. சகாரோவ் ஏதோ சொல்ல முயல்கிறார், கூச்சல் அமுக்குகிறது. அந்தப் படச்சுருளைப் பாருங்கள். கைதட்டிய பலருக்கும் போர் பிடிக்காது. என் பிள்ளை சும்மா செத்தான் என்று அடுத்தவன் சொன்னால் மட்டும் தாங்காது.

அதே வருடம் டிசம்பர் 24, அதே சபை, படை அனுப்பியது தப்பு என்று தீர்மானம் போட்டது. சகாரோவ் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது.

கேள்வி: கடைசிச் சிப்பாய் பாலத்தைத் தாண்டும் வீடியோ பார்த்தேன் அக்கா. உண்மையிலேயே அவர்தான் கடைசியா?

பதில்: 1989 பிப்ரவரி 15, எல்லையில் அமு தரியா ஆற்றுப் பாலம், தளபதி குரோமோவ். எனக்குப் பின்னால் ஒரு சிப்பாயும் இல்லை என்றார். எல்லைக் காவல் பிரிவுகள் அவருக்கு அப்புறம்தான் தாண்டின, அது படத்தில் வராது. பிடிபட்டவர்களும் காணாமல் போனவர்களும் நூற்றுக்கணக்கில் உள்ளேயே இருந்தார்கள். அவர்களைத் தேடுவதற்கென்றே முன்னாள் சிப்பாய்கள் பல வருடம் போய்வந்துகொண்டிருந்தார்கள். 2013-ல் ஹெராத் பக்கம் ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். உஸ்பெக்காரர், 1980-ல் அடிபட்டுக் கிடந்தவரை உள்ளூர்க்காரர்கள் எடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள், பெயரை மாற்றிக்கொண்டு பச்சிலை வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். தேடி வந்தவர்கள் ரஷ்ய மொழியில் கேட்டது கொஞ்சம் புரிந்தது, பதில் சொல்லத்தான் வார்த்தை வரவில்லையாம்.