ஃபுட்பால் கிளப்புக்கு அடுத்த கோச் யார் என்று ரசிகர்கள் அடித்துக்கொள்வதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

பதில் சொல்வதற்கு முன்னால் என் மார்க் ஷீட்டைக் காட்டிவிடுகிறேன். 2013இல் பெங்களூரு எஃப்.சி. தொடங்கியதிலிருந்து நான் அதன் ரசிகன். முதல் சீசன் அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் வெயிலில் காய்ந்திருக்கிறேன், அதற்கப்புறம் கண்டீரவா ஸ்டேடியம். 2013 ஜூலையிலிருந்து 2023 டிசம்பருக்குள் இந்த கிளப் ஆறு பேரை நிரந்தரக் கோச்சாக நியமித்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் ஏதோ ஒரு கட்சியில் நின்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். பெரும்பாலும் தப்பான கட்சி.

2016ல் ஆஷ்லி வெஸ்ட்வுட் போனபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று சீசனில் இரண்டு ஐ-லீக் (அப்போதைய தேசிய லீக்) பட்டம், நடுவில் ஒரு ஃபெடரேஷன் கோப்பை. அவருக்குப் பதிலாக ஆல்பர்ட் ரோகா. பார்சிலோனாவில் கோச் ரைகார்டுக்கு உதவியாளராக இருந்தவர் என்றார்கள். "பந்தலுக்கு சீரியல் செட் போட்டவனெல்லாம் கல்யாணத்தை நடத்திட முடியுமா?" என்று கேட்டேன். அதை இன்றுவரை நண்பர்கள் சொல்லிக்காட்டுகிறார்கள், ஏனென்றால் நான்கே மாதத்தில் ரோகா இந்த அணியை ஆசிய கிளப்களுக்கான ஏ.எஃப்.சி. கோப்பை இறுதிப்போட்டிக்குக் கூட்டிப் போனார். அரையிறுதியில் மலேசியாவின் ஜோகூரை கண்டீரவாவில் 3-1 என்று அடித்த ராத்திரி நான் மேற்குப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். இந்திய கிளப் எதுவும் அதுவரை அந்த இறுதிப்போட்டிக்குப் போனதே இல்லை. தோஹாவில் 0-1 என்று தோற்றோம், அது வேறு விஷயம்.

2018 மார்ச் 17ஐ மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இறுதிப்போட்டி, நம் மைதானத்தில், எதிரணி சென்னையின் எஃப்.சி. பெங்களூரு அல்சூர்த் தமிழனுக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. வியாசர்பாடியில் இருக்கும் சித்தப்பா பையன் காலையிலிருந்தே போன் போட்டுக்கொண்டிருந்தான்: "அண்ணா, நீ யார் பக்கம்? ரத்தம் பேசுமா, ரேஷன் கார்டு பேசுமா?" ரேஷன் கார்டுதான் என்றேன். ஒன்பதாவது நிமிஷம் எங்கள் கேப்டன் சேத்ரி தலையால் கோல் போட்டபோது அவனுக்கு வீடியோ கால் போட்டுச் சிரித்தேன். அப்புறம் மைல்சன் ஆல்வெஸ் என்ற பிரேசில்காரர் இரண்டு கார்னரில் இரண்டு தலையடி. கடைசியில் 2-3. அவன் திருப்பிப் போன் போடவே இல்லை, அதுதான் வலித்தது.

அன்றைக்கு கப்பன் பார்க் மெட்ரோவுக்கு நடக்கும் வழியிலேயே கோச் தேர்தல் ஆரம்பமாகிவிட்டது. லீக்கில் 40 புள்ளி எடுத்து முதலிடத்தில் முடித்த ரோகாவை, இரண்டு கார்னருக்காக வெட்டி வீழ்த்தினோம். நானும்தான். அடுத்த மாதமே அவர் சூப்பர் கோப்பை ஜெயித்துக் கொடுத்தார். பிறகு அவராகவே கிளம்பினார். இடத்துக்கு வந்தது அவருடைய உதவியாளர் கார்லஸ் குவாட்ராட். "உதவியாளருக்கும் உதவியாளரா?" என்று மறுபடி நான்தான் கேட்டேன். ஒரு வருஷம் கழித்து, நாள் மாறாமல் அதே மார்ச் 17, மும்பையில் நடந்த இறுதிப்போட்டியில் எங்கள் ராகுல் பேகே 117ஆவது நிமிஷம் தலையால் ஒன்று போட்டார். கோவாவை 1-0 ஜெயித்து சாம்பியன். அதுவரை லீக்கில் முதலிடம் வந்த எந்த அணியும் கோப்பையையும் சேர்த்து எடுத்ததில்லை.

2021இல் குவாட்ராட்டை அனுப்பிவிட்டு மார்கோ பெஸ்ஸாயுவோலியைக் கொண்டு வந்தபோது நான் திருந்தியிருந்தேன். இந்த முறை ஆதரவு. ஜெர்மனியின் 17 வயதுக்குட்பட்டோர் அணியை 2009இல் ஐரோப்பிய சாம்பியன் ஆக்கியவர், சின்னப் பசங்களை வளர்ப்பார் என்று எல்லோரிடமும் வாதாடினேன். பசங்களுக்கு வாய்ப்புக் கொடுத்தார், இல்லை என்று சொல்ல முடியாது. ஆறாவது இடம். ஒரே முழு சீசன், கிளம்பிவிட்டார்.

அடுத்து சைமன் கிரேசன். இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக்கில் இருந்த லீட்ஸை வைத்துக்கொண்டு 2010இல் மான்செஸ்டர் யுனைடெட்டை ஓல்டு டிராஃபோர்டிலேயே எஃப்.ஏ. கோப்பையில் தோற்கடித்தவர். அந்த வீடியோ என் போனுக்கே ஏழெட்டுத் தடவை வந்தது. வந்ததும் டூரண்ட் கோப்பை ஜெயித்தார். டிசம்பரில் அட்டவணையின் கீழ்ப் பகுதியில் கிடந்தோம், "கிரேசன் போகணும்" என்று நான் முழங்கினேன். முழங்கிய வாய் மூடுவதற்குள் தொடர்ந்து எட்டு வெற்றி, இறுதிப்போட்டி, மோகன் பகானிடம் பெனால்டியில் தோல்வி. சரி, நல்ல மனுஷன்தான் என்று நான் மனசு மாறியபோது, 2023 டிசம்பரில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் டீக்கடை கோஷ்டியில் ஒரு மலையாளி உண்டு, கேரளா பிளாஸ்டர்ஸ் வெறியன். கோச் விஷயத்தில் அவனுக்குப் பேச உரிமை கிடையாது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். 2023 மார்ச் 3இல் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக் கோல் ஆனதும், அவன் கோச் வுகோமனோவிச் மொத்த அணியையும் மைதானத்தைவிட்டு வெளியே கூட்டிப் போனார் இல்லையா? கிளப்புக்கு 4 கோடி அபராதம், கோச்சுக்குப் பத்து ஆட்டத் தடை. இவனோ அதற்கப்புறம்தான் அவரை இன்னும் அதிகமாகக் கொண்டாடினான். "நம்மளுக்காக நின்னாரில்ல" என்பான். கோச்சிடம் ரசிகன் எதிர்பார்ப்பது எப்போதும் கோப்பை மட்டும் இல்லை என்பதற்கு இவன் ஒருவனே போதும்.

கேள்விக்கு வருகிறேன். அர்த்தம் இருக்கிறது, ஆனால் நாங்கள் பேசுகிற விதத்தில் இல்லை. நாங்கள் பேசுவதெல்லாம் மாப்பிள்ளை ஜாதகம். எங்கே வேலை பார்த்தார், யாரிடம் வேலை பார்த்தார், என்ன ஜெயித்தார். வீட்டில் என்ன இருக்கிறது, வந்தவர் எதை வைத்துச் சமைப்பார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பழைய இங்கிலாந்து மேனேஜர் மாதிரி ஆள் வாங்குவது, விற்பது, பசங்கள் அகாடமி என்று எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கும் பதவி இங்கே கிடையாது. மான்செஸ்டர் யுனைடெட்டின் ஃபெர்குசன் 1986லிருந்து 2013 வரை ஒரே கிளப்பில் உட்கார்ந்தார். இங்கே வருகிறவருக்கு அந்த அதிகாரமும் இல்லை, அந்த அவகாசமும் இல்லை. ஐ.எஸ்.எல்.லில் 2021லிருந்து களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்தான். மீதி ஏழு பேர் இந்தியர்கள், அவர்களில் நிறையப் பேர் போன கோச் காலத்திலேயே வருஷக்கணக்கில் ஒப்பந்தம் போட்டவர்கள். டிசம்பரில் வரும் கோச் ஜனவரியில் ஒன்றிரண்டு பேரை மாற்றலாம், அவ்வளவுதான்.

கிரேசனுக்கு அடுத்து வந்த ஜெரார்ட் சரகோசா கதை அப்படியே இதுதான். சீசன் நடுவில் வந்தார், பத்தாவது இடம். "இவரும் தேற மாட்டார்" என்றேன் (என் மார்க் ஷீட்டில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்). அடுத்த சீசனுக்கு முன்னால் முழுசாக ஒரு கோடைப் பயிற்சி கிடைத்தது. பேகே திரும்பி வந்தார், நொகுவேரா, எட்கர் மெண்டெஸ் எல்லாம் வந்தார்கள். மூன்றாவது இடம். பிளே ஆஃபில் மும்பையை கண்டீரவாவில் 5-0. அதே மனுஷன்தான்.

இதையெல்லாம் எனக்கு முன்னாலேயே பிடித்தவர் ஒருவர் உண்டு, என் பெரியப்பா. கௌதமபுரம்காரர். வெளியூர்க்காரர்களுக்கு: அல்சூர் ஏரிக்குக் கொஞ்ச தூரத்தில், தமிழர்கள் நிறைந்த பேட்டை. அம்பேத்கர் சிலை இருக்கிற தெருவில் பெலேவுக்கும் சிலை வைத்த ஊர். பெரியப்பா ஐ.எஸ்.எல். பார்ப்பார், ஆனால் கோச் பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"கோச்சு கோச்சுன்னு இன்னாடா அட்ச்சிக்கிறீங்க? ரஹீம் சாபு மாதிரி ஒர்த்தன் இருந்தா சொல்லு."

சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்காரர், தொழிலால் பள்ளிக்கூட வாத்தியார். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். அந்த அணியில் பெங்களூரிலிருந்து போன அருமைநாயகமும் இருந்தார், எனவே பெரியப்பாவுக்கு அது சொந்த வீட்டுக் கல்யாணம். தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டாயிற்று. வேறு கோச் என்றால் வெளியே உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை முன்வரிசைக்கு மாற்றினார். இறுதிப்போட்டியில் தென்கொரியாவை 2-1 ஜெயித்தோம், இரண்டு கோலில் ஒன்று ஜர்னைல் போட்டது. ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய், அடுத்த வருஷம் போய்விட்டார்.

"அவர்கிட்ட பார்சிலோனா சர்டிபிகேட் இருந்துச்சா? இருக்குற பசங்கள்ல எவன் இன்னா பண்ணுவான்னு தெரிஞ்சுது. அவ்ளோதான்."

இதை வைத்து, "அப்போ இந்தியக் கோச்தான் வேண்டும்" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். காலித் ஜமீல் 2021இல் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டுக்கு நிரந்தரக் கோச் ஆகும்வரை ஐ.எஸ்.எல்.லில் அந்தப் பதவியில் ஒரு இந்தியர்கூட இல்லை. 2025இல் அவர் தேசிய அணிக்கே கோச் ஆகிவிட்டார். ஆக அந்தக் கோஷ்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரியப்பாவுக்கு பாஸ்போர்ட் முக்கியமில்லை. அவர் ஒவ்வொரு புதுக் கோச் வரும்போதும் கேட்பது ஒரே கேள்வி: "நம்ம ஏரியா பையன் எவனையாச்சும் எறக்குவானா?"

இந்தக் கேள்வியை ரொம்ப நாள் ஊர்ப்பாசம் என்று தள்ளிவைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், ரசிகன் கேட்கக்கூடிய கேள்விகளில் இதுதான் உருப்படியானது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் இந்த ஊர்க்காரர். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் பஞ்ச பாண்டவர்கள் என்று பேர் வாங்கிய ஐந்து முன்வரிசைக்காரர்களில் அகமது கானும் தன்ராஜும் இந்த ஊர்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கிளப், ஊர்ப் பேரையே வைத்துக்கொண்டு. அவசரத்துக்கு ஜெயித்தால் போதும் என்று வரும் கோச் பத்தொன்பது வயசுப் பையனை இறக்க மாட்டார். இறக்குகிறார் என்றால் அவருக்குப் பயிற்சி மைதானத்தில் கண் இருக்கிறது, கிளப் அவருக்கு நேரம் கொடுத்திருக்கிறது, இரண்டும் ஒன்றாகத் தெரிந்துவிடும்.

2024 செப்டம்பர் 14, சீசனின் முதல் ஆட்டம், ஈஸ்ட் பெங்கால். சரகோசா இறக்கிய பதினோரு பேரில் வினித் வெங்கடேஷ் என்ற பெங்களூருப் பையன், வயசு 19. அன்று விழுந்த ஒரே கோல் அவன் அடித்தது. பெரியப்பா வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து நின்று கைதட்டவில்லை, கத்தவில்லை. பெரியம்மாவைக் கூப்பிட்டு, "பொட்டிய ஆஃப் பண்ணிடாத, மறுபடி காட்டுவான்" என்றார். மறுபடி காட்டும்வரை டம்ளரைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஆக, என் கட்சியை நான் மாற்றிக்கொண்டுவிட்டேன். யார் பேர் அடிபட்டாலும் மூன்று விஷயம் கேட்கிறேன்: எப்போது வருகிறார், எத்தனை வருஷத்துக்கு, போன இடத்தில் எத்தனை சின்னப் பசங்களை இறக்கினார். இதற்குப் பதில் தெரியாமல் பேர் மட்டும் சொல்பவனோடு நான் சண்டை போடுவதில்லை, டீக்கு அவனையே காசு கொடுக்க வைக்கிறேன்.

திருந்திவிட்டேன் என்று முழுசாக நம்பிவிடாதீர்கள். 2025 ஏப்ரல் 12, கொல்கத்தாவில் இறுதிப்போட்டி, மோகன் பகானிடம் கூடுதல் நேரத்தில் 1-2. பத்தாவது இடத்திலிருந்து ஒரே வருஷத்தில் அங்கே கொண்டு போய் நிறுத்திய மனுஷன். ஆட்டம் முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் "கோச்சை மாத்தணும்" என்று ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. அனுப்பியது நான்தான். பெரியப்பா அந்தக் குழுவில் இல்லை, நல்லவேளை.