கல்யாணக் காலையில் தலையா, மேக்கப்பா, உடையா: எது முதலில்?

கேட்டிருப்பது இதுதான்: காலை 11 மணிக்குக் கல்யாணம். மணப்பெண்ணோடு சேர்த்து ஐந்து பேருக்கு அலங்காரம். மேக்கப்புக்கு ஒருவர், தலைமுடிக்கு ஒருவர் வருகிறார்கள். எதை எந்த வரிசையில் செய்வது, மணப்பெண் எப்போது உட்காருவது?

மணப்பெண் அலங்காரம் என் தொழில். இந்தக் கேள்வியைக் கல்யாணத்துக்கு முன்பே கேட்டது ரொம்ப நல்லது. பலர் அன்று காலையில்தான் கேட்கிறார்கள், அப்போது பதில் சொல்லிப் பயனில்லை.

என் அனுபவத்தில் வரிசைக்கு ஒரே ஒரு அடிப்படைதான் உண்டு: எது எதைக் கெடுக்கும் என்று பாருங்கள். கெடுப்பது முன்னால், கெடக்கூடியது பின்னால். சூடு மேக்கப்பைக் கெடுக்கும், அதனால் முடிக்குச் சூடு வைக்கும் வேலை முதலில். கண்ணிமை மேல் பூசும் ஐ ஷேடோத் தூள் உதிர்ந்து, முகம் முழுக்கப் பூசும் தோல் நிறப் பூச்சான ஃபவுண்டேஷனைக் கெடுக்கும், அதனால் கண் முதலில். ஹேர் ஸ்ப்ரே முத்தைக் கெடுக்கும், அதனால் நகை கடைசியில். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதி வரிசை தானாக அமைந்துவிடும்.

மீதிப் பாதி நேரக் கணக்கு. அதைப் பின்னாலிருந்து போட வேண்டும். உங்கள் நேரத்தையே வைத்துப் போடுகிறேன்.

கல்யாணம் 11. புகைப்படம் 10 மணிக்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 9.45க்கு உடை, நகை, செருப்பு எல்லாம் போட்டு மணப்பெண் தயாராக நிற்க வேண்டும். கல்யாண உடை எதுவானாலும் நிதானமாக உடுத்த முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள், ஆக 9 மணி. அதற்கு முன்னால் அரை மணி நேரத்தை யாருக்கும் கொடுக்காமல் காலியாக விடுங்கள். இந்த அரை மணியை யாராவது நிரப்பப் பார்ப்பார்கள், விடாதீர்கள். ஒரு கொக்கி அறுந்தாலும் ஒரு ஒட்டு இமைமுடி ஒட்டாமல் போனாலும் அங்கிருந்துதான் நேரம் எடுக்க முடியும். ஆக, 8.30க்கு மேக்கப் நாற்காலி காலியாக வேண்டும்.

மணப்பெண் மேக்கப்புக்கு ஒன்றேகால் மணி நேரம், மற்றவர்களுக்கு ஆளுக்கு 35 நிமிடம் என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 3 மணி 35 நிமிடம் வருகிறது. 8.30லிருந்து பின்னால் போனால் முதல் ஆள் 4.55க்கு உட்கார வேண்டும். பெட்டியைத் திறந்து, பிரஷ்களை அடுக்கி, விளக்கு வைக்க 20 நிமிடம். மேக்கப் ஆர்ட்டிஸ்ட் 4.35க்கே உங்கள் அறையில் இருக்க வேண்டும்!

இந்தக் கணக்கைப் பார்த்து பலர் அதிர்ந்துபோவார்கள். "ஏழு மணிக்கு ஆரம்பித்தால் போதாதா?" என்பார்கள். ஐந்து பேருக்கு ஒரே ஒருவர் செய்தால் போதாது. அவ்வளவு சீக்கிரம் வேண்டாம் என்றால், மற்ற நான்கு பேருக்கு இன்னொரு மேக்கப் ஆர்ட்டிஸ்டை வையுங்கள். அப்போது முதல் ஆள் 6.10க்கு உட்கார்ந்தாலே போதும். அல்லது இரண்டு பேர் தாங்களே மேக்கப் போட்டுக்கொள்ளட்டும். மணப்பெண்ணின் ஒன்றேகால் மணியைக் குறைத்து மற்றவர்களைச் சேர்ப்பது மட்டும் வேண்டாம்.

அடுத்து, யாருக்குப் பின் யார்? மணப்பெண்ணைக் கடைசியில் உட்கார வைத்தால் மேக்கப் புதிதாக இருக்கும் என்று நிறையப் பேர் சொல்வார்கள், எங்கள் தொழிலிலேயே சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முன்னால் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் ஐந்து, பத்து நிமிடம் கூடிக்கொண்டே போகும், அத்தனை தாமதமும் கடைசியில் உட்காருபவர் தலையில்தான் விடியும். புதுப் பொலிவு குறைந்தால் பத்து நிமிட டச் அப்பில் சரிசெய்யலாம். போன நேரத்தை என்ன செய்வது? அதனால் மணப்பெண் கடைசிக்கு முந்தியவராக இருக்கட்டும். மூன்று பேர் முன்னால், அப்புறம் மணப்பெண், கடைசியில் ஒருவர்.

கடைசி ஆளாக ஒரு தோழி இருப்பது நல்லது. முதல் சில படங்களில் அவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, யாரும் அவரைத் தேடி ஓடி வர மாட்டார்கள். அம்மாவைக் கடைசியில் வைக்கவே கூடாது. உறவினர்கள் வரத் தொடங்கிவிட்டால் அம்மாவை நாற்காலியில் பிடித்து உட்கார வைக்க யாராலும் முடியாது. பாதிக் கண்ணோடு எழுந்து போய்விடுவார். முதல் நாற்காலி அம்மாவுக்கு. வீடு அமைதியாக இருக்கும் அந்த நேரத்தில்தான் அவர் 35 நிமிடம் ஓரிடத்தில் உட்காருவார். கிளம்பும் முன் அவருக்கு ஒரு முறை பவுடரும் லிப்ஸ்டிக்கும் புதுப்பித்தால் போதும்.

தலைமுடிக்கு வருகிறவர் அவ்வளவு சீக்கிரம் வர வேண்டாம். அவர் 5.15க்கு வந்தால், 5.35லிருந்து 6 மணி வரை அந்தக் கடைசித் தோழிக்குத் தலை முடித்துவிடலாம். 6 மணிக்கு மணப்பெண்ணுக்குச் சுருள் போடத் தொடங்கி 6.40க்குள் எல்லாவற்றையும் சுருட்டி கிளிப் போட்டுவிட வேண்டும். 6.40க்கு மணப்பெண் மேக்கப்புக்கு நகர்கிறார். அவர் அங்கே இருக்கும் 75 நிமிடத்தில், ஏற்கெனவே மேக்கப் முடித்த மூன்று பேருக்கும் ஆளுக்கு 25 நிமிடமாகத் தலை முடிந்துவிடும். 7.55க்கு மணப்பெண் திரும்பி வந்ததும் கிளிப்பை எடுத்து, முடியை அமைத்து, 8.20க்குள் முடிக்கலாம். அதே நேரத்தில் தோழி மேக்கப் நாற்காலியில் இருப்பார். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

மேக்கப் முடித்த மூன்று பேருக்கு அதன் பிறகு தலை செய்கிறோமே, அது விதிக்கு மாறாக இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அவர்களுக்குச் சூடு அதிகம் தேவைப்படாத கொண்டையோ பின்னலோ தேர்ந்தெடுத்துவிடுங்கள். ஸ்ப்ரே அடிக்கும்போது நெற்றிக்கு ஒரு கையைக் குறுக்கே பிடித்தால் முகத்தில் படாது.

மணப்பெண்ணுக்குத் தலையை இரண்டாகப் பிரித்ததற்குச் சூடு மட்டும் காரணமில்லை. கர்லிங் ராடின் வெப்பத்தில் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போகும். ஆறும்போது புதிய வடிவத்தில் மறுபடி சேர்ந்துகொள்ளும். சூடு ஆறுவதற்குள் சீப்பு போட்டால் சுருள் அப்போதே தளர்ந்துவிடும். சுருட்டிய நிலையிலேயே ஒன்றேகால் மணி நேரம் ஆறினால் நாள் முழுக்க நிற்கும். தண்ணீரும் அதே பிணைப்புகளை விடவைக்கும் என்பதால், அன்று காலை தலைக்குக் குளிக்காதீர்கள். முந்தின நாளே குளித்து, வேரோடு உலர விடுங்கள். அன்றே அலசிய முடி வழுக்கும், ஊசியும் நிற்காது.

மேக்கப் நாற்காலியில் உட்காரும் முன் செய்ய வேண்டியவை சில. பல் துலக்கி, சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு உட்கார்ந்து தலை சுற்றி நிறுத்த வேண்டியிருந்தால் மொத்த வரிசையும் சரியும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் அதை முதலிலேயே போட்டுவிட வேண்டும், கண்ணில் மை வைத்த பிறகு போட்டால் லென்ஸிலும் ஒட்டும், கண்ணும் கலங்கும். மேல் உடை முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையாக இருக்கட்டும். தலைவழியாகக் கழற்றும் டீ ஷர்ட்டோடு உட்கார்ந்தால், எல்லாம் முடிந்த பிறகு கத்தரிக்கோல் தேட வேண்டியதுதான்.

முகத்தில் முதலில் சுத்தம், பிறகு மாய்ஸ்சரைசர். அதன் பிறகு ஐந்து, பத்து நிமிடம் விட வேண்டும். இந்த இடைவெளியில்தான் அவசரப்படுவார்கள். க்ரீம் தோலில் இறங்குவதற்குள் ப்ரைமரும் (ஃபவுண்டேஷனுக்கு அடியில் போடும் பூச்சு) ஃபவுண்டேஷனும் போட்டால் அது திரி திரியாக உருண்டு வரும். சிலிகான் கலந்த ப்ரைமர் மேல் தண்ணீர் அடிப்படையிலான ஃபவுண்டேஷன் போட்டாலும் சில சமயம் இப்படி ஆகும், அதனால் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் மேக்கப் போட்டுப் பார்க்கும் ஒத்திகையின்போதே பார்த்துவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்க வேண்டாம், கண் வேலையை அப்போது தொடங்கலாம். அடர்ந்த நிற ஐ ஷேடோ எவ்வளவு கவனமாகப் போட்டாலும் கன்னத்தில் கொஞ்சம் உதிரும். வெறும் தோலாக இருந்தால் ஒரு பஞ்சால் துடைத்துவிடலாம். ஃபவுண்டேஷன் மேல் உதிர்ந்தால் கண்ணுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் தேய்ந்து நிற்கும்.

ஒட்டு இமைமுடி வைப்பதாக இருந்தால், பசை தடவியதும் வைக்காமல் அரை நிமிடம் போல விட்டு, பிசுபிசுப்பு வந்ததும் வையுங்கள். சில பசைகளில் லேட்டக்ஸ் இருக்கும், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. இதையும் முன்னாலேயே சோதித்துக்கொள்ளுங்கள். மஸ்காரா வாட்டர் ப்ரூஃபாக இருக்கட்டும். அழுகை வரும், வரட்டும். டிஷ்யூவின் முனையை இமைக்குக் கீழே வைத்து ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள்.

வெளிச்சமும் வரிசையில் சேர்ந்ததுதான். மணப்பெண்ணின் 6.40லிருந்து 7.55 வரையிலான நேரத்துக்கு ஜன்னலைப் பார்த்த நாற்காலியை ஒதுக்கிவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் பார்த்துப் போட்ட ஃபவுண்டேஷன்தான் கழுத்தோடு ஒத்துப்போகும். அம்மா உட்காரும்போது இருட்டாக இருக்கும், அவருக்கு வெள்ளை விளக்கு போதும். அறையில் காற்று நன்றாக வரட்டும், வேர்க்கும் முகத்தில் எதுவும் நிற்காது.

ஃப்ளாஷ் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீனும், சிலிகா கலந்த மிக நுண்ணிய பவுடரும் ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். நேரில் அழகாகத் தெரியும் முகம் படத்தில் வெள்ளையடித்தது போல வரும். ஒத்திகை நாளன்று எல்லாம் போட்டு முடித்த பிறகு மங்கலான அறையில் ஃப்ளாஷோடு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அன்றே கடிகாரத்தையும் பாருங்கள், நான் சொன்ன 75 நிமிடம் உங்களுக்கு 90 ஆனால் மேலே போட்ட கணக்கு முழுதும் கால் மணி நேரம் முன்னால் நகர வேண்டும்.

கல்யாண நாள் காலைக்கு எதை வைக்கவே கூடாது? நெயில் பாலிஷ். தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உள்ளே இறுகப் பல மணி நேரம் ஆகும். கொக்கி மாட்டும்போது பதிந்துவிடும். முந்தின நாளே போடுங்கள். த்ரெட்டிங், வாக்ஸிங் இரண்டும் இரண்டு மூன்று நாள் முன்னால். ஃபேஷியல் குறைந்தது ஒரு வாரம் முன்னால். இதுவரை முகத்தில் படாத எந்தப் பொருளையும் அந்த வாரத்தில் புதிதாக முயல வேண்டாம், யார் அன்பாகக் கொடுத்தாலும் சரி. முடிக்குச் சாயம் போடுவதாக இருந்தால் 48 மணி நேரம் முன்னால் பேட்ச் டெஸ்ட் (தோலில் கொஞ்சம் தடவி, ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது) செய்தே ஆக வேண்டும், முன்பு ஒத்துக்கொண்ட சாயமாக இருந்தாலும்.

9 மணிக்கு உடை. அதற்கு முன் கழிப்பறைக்குப் போய்வந்துவிடச் சொல்லுங்கள். செருப்பை உடைக்கு முன்பே போட்டுவிட வேண்டும், கனமான உடையோடு குனிந்து வார் மாட்டுவது சிரமம், செருப்பின் உயரம் தெரிந்தால்தான் உடையின் நீளமும் சரியாக அமையும். டியோடரன்ட் நன்றாக உலர்ந்த பிறகே துணி படலாம். வாசனைத் திரவியத்தையும் உடைக்கு முன்பே தோலில் அடித்துவிடுங்கள், துணியில் பட்டால் கறை விழலாம். உடை தலைவழியாகத்தான் போட வேண்டும் என்றால், முகத்தை ஒரு மெல்லிய பட்டுத் துணியால் மூடிக்கொண்டு போடலாம், ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் பிடிக்க வேண்டும். தலையில் வைக்கும் பூ, முக்காடு எதுவானாலும் உடைக்குப் பிறகுதான்.

நகை அதற்கும் பிறகு. முத்து என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஸ்ப்ரேயும் வாசனைத் திரவியமும் அதன் பளபளப்பைத் தின்றுவிடும். எல்லா ஸ்ப்ரேயும் அடித்து முடித்து, காற்றில் அது அடங்கிய பிறகு முத்து வரட்டும்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் லிப்ஸ்டிக். துணியில் ஒட்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, 8.20க்கும் 9 மணிக்கும் நடுவில் மணப்பெண் ஒரு வாய் சாப்பிடவும் தண்ணீர் குடிக்கவும் வேண்டும், உதட்டில் சாயம் இருந்தால் அதற்குத் தயங்குவார். புகைப்படக்காரர் அலங்காரம் நடக்கும் படம் கேட்டாலும் இந்த லிப்ஸ்டிக் நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். அப்போதுதான் முகம் முழுமையாக இருக்கும், அறையும் ஓரளவு ஒழுங்காக இருக்கும்.

இந்த நேரங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, நேரம் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். அவர் மணப்பெண்ணாக இருக்கக் கூடாது. மணப்பெண்ணின் போனும் அவரிடமே இருக்கட்டும், "மண்டபத்துக்கு எந்த வழி?" என்று கேட்கும் ஒவ்வொரு அழைப்புக்கும் மேக்கப் நின்று நின்றுதான் போகும். அதே லிப்ஸ்டிக், பவுடர், டிஷ்யூ, இமைப் பசை, நான்கு கொண்டை ஊசி, இரண்டு சேஃப்டி பின் ஆகியவற்றை ஒரு சின்னப் பையில் போட்டு அந்தக் கடைசித் தோழியிடம் கொடுத்துவிடுங்கள், அன்றைக்கு முழுக்க மணப்பெண் பக்கத்திலேயே இருக்கப்போவது அவர்தான்.