பருவம் தப்பிய பனி: உங்கள் கேள்விகளும் பதில்களும்

ஒரே வாரத்துக்குள் 18 டிகிரி வெயில், அடுத்து மழை, அதன் பின்னால் பனிப்பொழிவு, கடைசியில் உறைபனி. பூ விட்ட மரத்தின் மேல் பனி கொட்டும் இந்த வசந்த வாரம் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் கீழே. வெப்பநிலை எல்லாம் செல்சியஸ் கணக்கில்.

கேள்வி: சார், வெப்பமானி 3 டிகிரி காட்டுகிறது. ஆனால் மழை பனியாக மாறிவிட்டது. தண்ணீர் உறைவது பூஜ்யத்தில்தானே? கருவி பழுதா?

கருவி சரியாகத்தான் இருக்கிறது. பனி உருவாவது மேகத்துக்குள்ளே, பூஜ்யத்துக்குக் கீழான குளிரில். தரைக்கு வரும் வழியில் உருக அதற்கு நேரம் கிடைத்ததா என்பதுதான் கேள்வி. பூஜ்ய டிகிரி இருக்கும் உயரத்துக்குக் கீழே 200, 300 மீட்டர் வரை பனி முழுதாக உருகாமலே இறங்கிவிடும்.

நீங்கள் பார்க்க வேண்டிய இன்னொரு எண் ஈரப்பதம். காற்று உலர்ந்திருந்தால், விழும் துகளிலிருந்து ஈரம் ஆவியாகும்போது துகளும் குளிரும், சுற்றியுள்ள காற்றும் குளிரும். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். இப்படிக் குளிர்ந்து குளிர்ந்து காற்று எங்கே போய் நிற்குமோ, அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. காற்று 4 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் ஏறக்குறைய பூஜ்யம். பனிக்கு நல்ல வாய்ப்பு. அதே 4 டிகிரியில் ஈரப்பதம் 95 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் மூன்றரைக்கு மேல், வெறும் மழைதான். தோராயமாக ஈரக்குமிழ் அரை டிகிரிக்குக் கீழே என்றால் பனி, ஒன்றரைக்கு மேல் மழை, இடைப்பட்டது கலவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொழியும் வேகமும் முக்கியம். ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் எடுக்கும். ஒரு மில்லிமீட்டர் நீருக்குச் சமமான பனி உருகினாலே 300 மீட்டர் உயரத்துக்கான காற்று ஏறக்குறைய ஒரு டிகிரி குளிர்ந்துவிடும். அதனால்தான் காற்று வீசாத நேரத்தில் மழை வலுத்தால் திடீரென்று பனியாகிறது, வலு குறைந்ததும் மறுபடி மழையாகிறது.

கேள்வி: ஆப்பில் 10 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தார்கள். புல்வெளி மட்டும் வெளுத்தது, சாலையில் ஒன்றுமே இல்லை. இந்தக் கணிப்பை நம்பலாமா?

எண் எப்படி வந்தது என்று தெரிந்தால் நம்பலாம். பல செயலிகள் ஒரு மில்லிமீட்டர் நீர் ஒரு சென்டிமீட்டர் பனி என்ற ஒற்றை விகிதத்தில் கணக்குப் போடுகின்றன. கடுங்குளிரில் விழும் உலர்பனி ஒன்றுக்குப் பதினைந்து, இருபது வரை பொங்கி நிற்கும். வசந்தப் பனி நனைந்த பனி. ஒன்றுக்கு ஐந்து, ஆறு, மிஞ்சினால் ஏழு. பத்து மில்லிமீட்டர் நீர் வந்தாலும் கிடைப்பது ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர்தான்.

அதிலும் தரை தன் பங்கை எடுத்துக்கொள்ளும். முந்தைய வெயில் நாட்களின் சூட்டைத் தார்ச்சாலை தாங்கியிருக்கிறது. புல் நுனிக்கு அந்தச் சூடு எட்டாது, அதனால் முதலில் வெளுப்பது புல்லும் கார்க் கூரையும் மரப்பலகையும். சூரியனையும் மறக்காதீர்கள். 45 டிகிரி அட்சரேகையில் டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து நிற்கும் உயரம் சுமார் 21 டிகிரி கோணம். ஏப்ரல் 20 அன்று 56 டிகிரிக்கு மேல். ஆகஸ்ட் 22 வெயிலுக்கு ஈடான வெயில் அது. மேகம் மூடியிருந்தாலும் கசியும் ஒளி மெல்லிய பனியை ஊடுருவித் தரையைச் சூடாக்கும். எனவே பகல் பதினொன்றுக்கு மெல்லப் பெய்யும் பனி சாலையில் தங்காது. அதே அளவு அதிகாலை மூன்று மணிக்கு விழுந்தால் தங்கும். கணிப்பில் சென்டிமீட்டரை விட்டுவிட்டு மூன்றைப் பாருங்கள்: மில்லிமீட்டரில் நீர் அளவு, பூஜ்ய டிகிரி மட்டத்தின் உயரம், பொழியும் நேரம்.

கேள்வி: ஒரே வாரத்தில் வானிலை ஏன் இப்படித் தலைகீழாகிறது அண்ணா? அடுத்த முறை முன்கூட்டியே தெரிந்துகொள்ள என்ன பார்க்க வேண்டும்?

துருவப் பக்கம் குளிர் இன்னும் விலகவில்லை, வெப்பமண்டலப் பக்கம் சூடு ஏறிவிட்டது. குளிர்காலத்தில் இரண்டுக்கும் நடுவே வானில் மிக உயரத்தில் வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டம் வசந்தத்தில் தளர்ந்து பெரிய வளைவுகளாக நெளிகிறது. சில நேரம் ஒரு வளைவு அறுந்து, நடுவில் கடுங்குளிர் காற்றுடன் தனித் தாழ்வழுத்தச் சுழலாக நின்றுவிடும். தள்ளிக்கொண்டு போக ஜெட் இல்லாததால் அது இரண்டு மூன்று நாள் அதே இடத்தில் சுற்றும். அது எந்தப் பக்கம் நகரும் என்பதில்தான் கணிப்பு மாதிரிகள் அதிகம் தடுமாறுகின்றன. நான்கு நாளுக்கு முன்னால் சொன்ன பனி அளவை எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சூழலில் 36 மணி நேரத்துக்குள் வருவதே உருப்படியான கணிப்பு.

வட அரைக்கோளத்தில் வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும். முதலில் தெற்கிலிருந்து இதமான காற்று, உயரத்தில் மெல்லிய மேகம், அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். குளிர் முகப்பு, அதாவது வந்து சேரும் குளிர்காற்றின் முன்விளிம்பு, கடந்ததும் காற்று வடமேற்குக்கு மாறும், சில மணி நேரத்திலேயே வெப்பநிலை எட்டு, பத்து டிகிரி சரியும், மழை பனியாகும். மறுநாள் வெயிலும் பனித்தூறலும் மாறி மாறி வரும், இடிகூட இடிக்கும். பிறகு அழுத்தம் ஏறி, காற்று அடங்கி, வானம் துடைத்துவிட்டது போலத் தெளியும். அந்த இரவுதான் உறைபனி இரவு. பனி கொட்டும் இரவைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படச் சொல்வேன்.

வரைபடம் பார்க்கத் தெரிந்தவர்கள் காற்றழுத்தம் 850 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் மட்டத்தின் வெப்பநிலையைப் பாருங்கள். அது சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே மைனஸ் 5 அல்லது அதற்கும் கீழே இருந்தால்தான் தாழ்நிலத்தில் வசந்தப் பனியைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: வெள்ளையாக, தெர்மாகோல் மணி மாதிரி விழுந்தது. ஆலங்கட்டியா?

இல்லை, பனிமணி. பனித்துகள் மேல் குளிர்ந்த நீர்த்துளிகள் ஒட்டி உறைந்து உருண்டதால் வருவது. விரலால் அழுத்தினால் நொறுங்கும், ஆலங்கட்டி நொறுங்காது. மேலே காற்று மிகவும் குளிர்ந்திருக்கிறது என்பதற்கு இது நல்ல அறிகுறி.

கேள்வி: ஐயா, ஆப்பிள் மரம் முழுக்கப் பூத்து நிற்கிறது. இன்றிரவு 8 சென்டிமீட்டர் பனி, நாளை இரவு தெளிந்த வானம் என்கிறார்கள். பூவைக் காப்பாற்ற வழி உண்டா?

இன்றிரவுப் பனியால் பூவுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஈரப்பனி பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஆப்பிள் பூ அதைத் தாங்கும். தீர்மானிக்கப்போவது நாளை இரவு.

மொட்டு முற்ற முற்றத் தாங்கும் சக்தி குறைகிறது. நுனியில் வெள்ளி நிறம் தெரியும் கட்டத்தில், அரை மணி நேரம் மைனஸ் 9.4 டிகிரியில் இருந்தால் பத்தில் ஒன்று சாகும். மொட்டுகள் கொத்தாகத் திரளும் கட்டத்தில் அந்த எல்லை மைனஸ் 2.8. முழுதாகப் பூத்தபின் மைனஸ் 2.2, மைனஸ் 3.9 ஆனால் பத்தில் ஒன்பது போய்விடும். உங்கள் மரத்துக்கு இடைவெளி ஒன்றே முக்கால் டிகிரிதான். தெளிந்த, காற்றில்லாத இரவில் தரையை ஒட்டிய குளிர், ஆளுயரத்தில் அளக்கும் அளவைவிட மூன்று நான்கு டிகிரி கீழே போகும். புதுப்பனி தரையை மூடியிருந்தால் மண்ணின் சூடு மேலே வராது, குளிர் இன்னும் கூடும். ஆகவே வெப்பமானியைப் பூ இருக்கும் உயரத்திலேயே, கிளையில் கட்டுங்கள்.

சிறிய மரமென்றால் இப்படிச் செய்யுங்கள். நாளை மதியத்துக்குள் கிளைகளிலிருந்து பனியை உதிர்த்துவிட்டு, பூ உலரட்டும். சூரியன் சாய்வதற்கு முன் சதுர மீட்டருக்கு 17 முதல் 30 கிராம் எடையுள்ள தோட்டத் துணியை இரண்டு அடுக்காக, தரையைத் தொடும்படி போர்த்தி, ஓரத்தில் கல் வையுங்கள். ஓர் அடுக்கு சுமார் இரண்டு டிகிரி காக்கும். மரத்தின் தலையில் மட்டும் கட்டி அடியில் திறந்துவிட்டால் பயனில்லை. மண்ணிலிருந்து எழும் சூட்டைப் பிடிப்பதுதான் வேலையே. துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி அது பூவைத் தொட்டால், தொட்ட இடமெல்லாம் கருகும். காலையில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே ஏறியதும் துணியை எடுத்துவிடுங்கள், தேனீக்கள் வரவேண்டும்.

தோட்டக்காரர்கள் தண்ணீர் தெளித்துக் காப்பாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம்தான் அங்கே பூவைக் காக்கிறது. ஆனால் இரவு முழுக்க, பனிக்கட்டி உருகத் தொடங்கும்வரை நிறுத்தாமல் தெளிக்க வேண்டும். நடுவில் நின்றால் ஆவியாதல் தொடங்கி, தெளிக்காமல் விட்டதைவிட மோசமாகும். வீட்டுக் குழாயை வைத்துக்கொண்டு இதில் இறங்காதீர்கள்.

பாதிப்பை மறுநாள் மதியம் பாருங்கள். இதழ் வெள்ளையாகவே இருக்கும், ஏமாற்றும். ஒரு பூவைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து நடுவைப் பாருங்கள். சூலகம் இளம்பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்போ கறுப்போ என்றால் போய்விட்டது. மரத்தின் மேலும் கீழுமாக இருபது பூக்களைப் பிளந்து எண்ணுங்கள். பாதிக்கு மேல் கறுத்திருந்தாலும் மனம் தளர வேண்டாம்: பூவில் பத்தில் ஒரு பங்கு காய்த்தாலே ஆப்பிள் மரம் நிறைந்துவிடும்.

கேள்வி: நாற்றுகளையெல்லாம் வெளியே வைத்துவிட்டேன். எதை உள்ளே தூக்குவது?

தக்காளி, மிளகாய், கத்தரி, வெள்ளரி, பூசணி எல்லாம் உள்ளே. பூஜ்யத்திலேயே இவற்றின் கதை முடிந்துவிடும். பட்டாணி, கீரை, முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு அங்கேயே இருக்கட்டும். அவற்றின் மேல் விழுந்த பனியையும் தள்ள வேண்டாம், உறைபனி இரவில் அதுவே போர்வை. உறைந்த இலையின் மேல் வெந்நீர் ஊற்றாதீர்கள். தானாக இளகட்டும்.

கேள்வி: துளிர்விட்ட மரக்கிளை தரைவரை வளைந்துவிட்டது. குச்சியால் தட்டலாமா?

தட்டினால் முறியும். எடையைக் கணக்குப் பாருங்கள்: பத்து சென்டிமீட்டர் ஈரப்பனி, ஒன்றுக்கு ஐந்து விகிதத்தில், சதுர மீட்டருக்கு 20 கிலோ. மூன்று மீட்டர் அகலத் தலை சுமார் ஏழு சதுர மீட்டர். முழுதும் தங்கினால் 140 கிலோ. இலையில்லாத மரத்தில் பெரும்பகுதி ஊடாக விழுந்துவிடும், துளிர்த்த மரம் ஏந்திக்கொள்ளும். துடைப்பத்தைக் கிளைக்கு அடியில் கொடுத்து, கீழ்க்கிளையிலிருந்து தொடங்கி, மெல்ல மேல்நோக்கித் தூக்கி விடுங்கள். பனி கட்டியாக உறைந்திருந்தால் கை வைக்காதீர்கள். மின்கம்பியைத் தொடும் கிளை என்றால் கிட்டேயே போகாமல் மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. கார் வழியைத் தானே தள்ளிவிடுவேன் என்கிறார். நான்கு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம்.

அதே கணக்கில் பத்து சென்டிமீட்டருக்கு 800 கிலோ. அவரைத் தடுத்துவிடுங்கள் அக்கா. குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்க, மூச்சை அடக்கித் தூக்குவது இதயத்துக்குப் பெரிய சுமை. அவசரமில்லை என்றால் மதியம்வரை விட்டாலே பாதி உருகிவிடும். இப்போதே வழி வேண்டுமென்றால், இளையவர் யாராவது ஐந்து சென்டிமீட்டர் விழுந்ததும் ஒருமுறை, நின்றதும் ஒருமுறை தள்ளட்டும். தூக்கி எறியாமல் தள்ள வேண்டும். மாலைக்குள் உருகிய நீர் வழியில் தேங்காமல் வடிய ஒரு வாய்க்கால் விடுங்கள்.

தேங்கிய நீர்தான் மறுநாள் காலை வழுக்கும். காற்று 2, 3 டிகிரி காட்டினாலும் தெளிந்த இரவில் சாலையின் மேற்பரப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். பாலத்தில் அது முதலில் நடக்கும். உப்பு ஒரு கைப்பிடி இரண்டு சதுர மீட்டருக்குப் போதும், செடி ஓரத்தில் மணல் போடுங்கள். குளிர்கால டயரையும் இப்போதே கழற்ற வேண்டாம். காலை வெப்பநிலை தொடர்ந்து 7 டிகிரிக்கு மேலே நிற்கட்டும்.

கேள்வி: ஏப்ரலில் பனி கொட்டுகிறது. பூமி சூடாகிறது என்பது பொய்தானே?

ஒரு வாரப் பனி வானிலை. காலநிலை என்பது முப்பது வருடச் சராசரி. சூடாகும் உலகிலும் துருவக் குளிர் அவ்வப்போது கீழே இறங்கும். கவலை வேறு இடத்தில். முன்கூட்டியே வரும் வெயிலில் மரங்கள் முன்கூட்டியே துளிர்க்கின்றன, பிறகு வரும் சாதாரண உறைபனிக்கே அடிபடுகின்றன. 2021 இல் பிரான்ஸில் மார்ச் கடைசியில் வெயில் 25 டிகிரியைத் தாண்டியது. ஏப்ரல் முதல் வார உறைபனியில் திராட்சைத் துளிர்களும் பழமரப் பூக்களும் பெருமளவில் கருகின.

கேள்வி: பனியை நானே அளந்து பதிவு செய்ய ஆசை. உருகிக்கொண்டே இருந்தால் எப்படி அளப்பது?

நாற்பது சென்டிமீட்டர் சதுரப் பலகைக்கு வெள்ளைச் சாயம் பூசி, கட்டடத்துக்கும் மரத்துக்கும் தள்ளி, தரையோடு வையுங்கள். கறுப்பு நிறம் வேண்டாம், வெயிலை உறிஞ்சிவிடும். பனி நின்றதும், உருகத் தொடங்குமுன், நான்கைந்து இடத்தில் அளவுகோல் வைத்துச் சராசரி எடுங்கள். பெய்துகொண்டே இருந்தால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து பலகையைத் துடைக்கலாம். அதைவிட அடிக்கடி துடைத்தால் மொத்தம் பொய்யாகக் கூடிவிடும், ஏனென்றால் பனி தன் எடையில் அமுங்குவது கணக்கில் வராது.

நீர் அளவுக்கு, மழைமானியின் புனலையும் உள்குழாயையும் எடுத்துவிட்டு வெளி உருளையை மட்டும் வையுங்கள். உள்குழாயில் 5 மில்லிமீட்டர் காட்டும்படி வெதுவெதுப்பான நீரை அளந்து உருளையில் ஊற்றிப் பனியைக் கரையுங்கள். முழுவதையும் உள்குழாய்க்கு மாற்றிப் படித்து, 5 ஐக் கழியுங்கள். பனி உயரத்தையும் மில்லிமீட்டரில் எழுதி, அதை இந்த எண்ணால் வகுத்தால் உங்கள் பனியின் விகிதம் வந்துவிடும்.