பூட்டில்லாத கேபினில் ஏழு இரவுகள்

கேள்வி: நானும் என் கணவரும் புதுச்சேரியிலேயே ஸ்கூபா டைவிங் கற்றுச் சான்றிதழ் பெற்றோம். வரும் பிப்ரவரியில் மாலத்தீவில், ஏழு இரவுகள் படகிலேயே தங்கி டைவ் செய்யும் பயணத்துக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். அந்தப் படகில் கேபின் கதவுகளை யாரும் பூட்டும் வழக்கமில்லை என்று ஏற்பாட்டாளர் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை நாங்கள் இருவரும் தண்ணீருக்குள் இருப்போம். பணம், பாஸ்போர்ட், கணவரின் கேமரா எல்லாம் திறந்த அறையில் கிடக்கும். எட்டுப் பவுன் தாலிச் சங்கிலியைக் கழற்றவே கூடாது என்கிறார் மாமியார். அதைப் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள் என்கிறார் பயிற்சியாளர். என்ன செய்யலாம்?
– முத்தியால்பேட்டை வாசகி, புதுச்சேரி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தாலிச் சங்கிலியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் உண்மையான கவலை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கழுத்தில் தாலி இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் மாமியார் கேட்பது. அது எட்டுப் பவுன் சங்கிலியில்தான் தொங்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கமாட்டார். புறப்படுவதற்கு முன் ஒரு நல்ல நாள் பார்த்து, அவர் கையாலேயே தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிவிடச் சொல்லுங்கள். சங்கிலியை வங்கி லாக்கரில் வைத்துவிடுங்கள். கயிறு குட்டையாக, டைவின்போது உடலோடு ஒட்டி அணியும் வெட் சூட்டின் கழுத்துப் பட்டைக்குள் அடங்குவதாக இருந்தால் பயிற்சியாளரும் மறுப்புச் சொல்லமாட்டார். ஆனாலும் அவரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். ஏழு நாள் உப்புத் தண்ணீரில் நனைந்து காயும் கயிறு முடிச்சருகே நைந்துவிடும் என்பதால், மாற்றுக் கயிறு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். இரவில் படுக்கும் முன் முடிச்சை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச் சங்கிலி படகில் காணாமல் போவது பெரும்பாலும் திருடனால் அல்ல. டைவ் முடிந்து மேலே ஏறியதும், ஈரமான வெட் சூட்டை முதுகு ஜிப்பை இறக்கி, கழுத்திலிருந்து உரித்துக் கீழே இழுப்போம். அந்த இழுப்பில் சங்கிலியும் சேர்ந்து வந்து, கொக்கி விட்டுப்போய், நமக்குத் தெரியாமலே டெக்கின் பலகை இடுக்கு வழியாகத் தண்ணீருக்குப் போய்விடும். மோதிரம் இன்னும் எளிதில் போகும்; நீரில் நெடுநேரம் இருந்தால் விரல் சில்லிட்டுச் சுருங்கி, கரையில் சோப்புப் போட்டாலும் கழலாத மோதிரம்கூடத் தானாக நழுவும். மூக்குத்தி போட்டிருந்தால், காது அடைப்பை நீக்க மாஸ்க்கின் மேலிருந்து மூக்கைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அது குத்தும். மெட்டி துடுப்புக் காலணிக்குள் விரலைப் புண்ணாக்கும். ஆகவே நகை என்று எதுவும் கொண்டு போகாமல் இருப்பதே உத்தமம். காதுக்குச் சிறிய தோடு, கையில் ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், அவ்வளவு போதும்.

வீடு பூட்டிக் கிடக்கும் அந்த ஒரு வாரத்துக்கு மற்ற நகைகளையும் லாக்கருக்கே கொண்டுபோய்விடுங்கள். 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் இருப்பது போனால், ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். எட்டுப் பவுனுக்கு அது முழுவதும் ஈடாகாமல் போகலாம். எனினும் ஆள் இல்லாத வீட்டின் பீரோவைவிட அது நூறு மடங்கு மேல்.

இனி படகுக்கு வருவோம். மாலத்தீவில் சஃபாரி படகு என்று சொல்லப்படும் இவற்றில் தங்குவதற்குப் பெரிய படகு ஒன்றும், டைவுக்குக் கூட்டிச் செல்லும் தோணி ஒன்றும் பொதுவாகச் சேர்ந்தே பயணிக்கும். மணி அடித்ததும் விருந்தினர் அனைவரும் கூடத்தில் கூடுவார்கள். டைவை வழிநடத்தும் டைவ் மாஸ்டர் பலகையில் பாறையையும் நீரோட்டத்தையும் வரைந்து விளக்குவார். பிறகு எல்லோரும் தோணியில் ஏறிப் போய்விடுவார்கள். பெரிய படகில் சமையற்காரரும் அறை துடைப்பவரும் மாலுமிகளும் மட்டுமே இருப்பார்கள். உங்கள் படுக்கையைத் தட்டிப் போட்டு, ஈரத் துண்டை மாற்ற ஒருவர் உள்ளே வந்தே ஆக வேண்டும். கதவு பூட்டாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

நடுக்கடலில் இருக்கும் நாட்களில் கேபினுக்குள் திருட்டு நடப்பது அரிது என்பதே என் கணிப்பு. எடுத்தவர் எங்கும் போக முடியாது, பொருளும் எங்கும் போக முடியாது. அந்தப் படகின் பெயரும் கடைசி நாளில் கிடைக்கும் அன்பளிப்பும்தான் அந்த ஊழியர்களின் பிழைப்பு. கவனம் தேவைப்படுவது ஏறும் நாளிலும் இறங்கும் நாளிலும்தான். அப்போது படகு தலைநகர் மாலேவுக்கோ அதை அடுத்த ஹுல்ஹுமாலே தீவுக்கோ பக்கத்தில் நிற்கும். காய்கறி ஏற்றுபவர், தண்ணீர் நிரப்புபவர், இயந்திரம் பார்ப்பவர், பக்கத்துப் படகுக்காரர் என்று முகம் தெரியாதவர்கள் வந்து போவார்கள். பெட்டிகள் எல்லாம் டெக்கில் குவிந்து கிடக்கும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்: பேட்டரியும் டீசலும் வலையும் போவது கரையில் கட்டிய படகிலிருந்துதான். ஆகவே அந்த இரண்டு இரவுகளில் டைவ் கம்ப்யூட்டர், டார்ச், கேமரா எதையும் காய வைக்கிறேன் என்று வெளியே விடாமல் கேபினுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. கேபினில் பெட்டகம் இருக்கிறதா, இல்லையென்றால் கேப்டன் அறையில் வைத்துத் தருவார்களா, வாங்கிக்கொண்டதற்கு எழுத்துச் சீட்டுத் தருவார்களா, இரவில் விழித்திருந்து சுற்றிப் பார்க்கும் காவலாள் உண்டா என்று கேளுங்கள். கேபினுக்குள் சிறு மின்னணுப் பெட்டகம் இருந்தால் அதை முதலில் ஆட்டிப் பாருங்கள். அலமாரித் தட்டில் திருகாணி போட்டு இறுக்காமல் சும்மா வைத்திருந்தால், அது பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகத் தோதானது என்பதைத் தவிர வேறு பயன் இல்லை. விருந்தினர் எண்ணை மறந்துவிட்டால் திறப்பதற்கென்று மாற்று எண் ஒன்றும் படகுக்காரர்களிடம் இருக்கும். எனக்கு அதைவிடக் கேப்டனின் பெட்டகத்தில்தான் நம்பிக்கை. பணத்தை அவர் கண்முன் எண்ணி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்திட்டு, தொகையையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள். அவர் தரும் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவரை நம்பாமல் செய்கிறோம் என்ற கூச்சம் வேண்டாம். பொறுப்பான கேப்டன் எவரும் அதை வரவேற்கவே செய்வார்.

உங்கள் பெட்டிக்கு எண் பூட்டு ஒன்றும், அதைக் கட்டில் காலோடு பிணைக்க மெல்லிய எஃகுக் கம்பிப் பூட்டு ஒன்றும் போதும். ஆனால் ஒன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். திருட்டுப் பயத்தில் இரவில் கேபினை உள்ளிருந்து சாவி போட்டுப் பூட்டிக்கொண்டு படுக்காதீர்கள். வெளியேறும் வழியிலோ அவசரத் திறப்பின் அடியிலோ பெட்டியை அடுக்காதீர்கள். 2019 செப்டம்பர் 2 அதிகாலையில், கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே நின்றிருந்த கன்செப்ஷன் என்ற டைவ் படகு தீப்பிடித்ததில், கீழ்த்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தார்கள். இரவில் சுற்றிக் காவல் பார்க்க ஆள் இல்லாததை விசாரணை அறிக்கை முக்கியக் குறையாகக் குறித்தது. 2024 நவம்பர் 25 அன்று செங்கடலில் மார்சா ஆலம் அருகே சீ ஸ்டோரி என்ற படகு மூழ்கியபோதும் பயணிகள் படுக்கையிலிருந்துதான் தப்பி ஓட வேண்டியிருந்தது. காவலாளைப் பற்றி ஏற்பாட்டாளரிடம் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இதுவே. திருட்டுக்கும் தீக்கும் அதே ஒரு ஆள்தான் காவல். அதே காரணத்தால் பாஸ்போர்ட், ஒரு கார்டு, கொஞ்சம் பணம், கண்ணாடி, அன்றாட மருந்து ஆகியவற்றை நீர் புகாத சிறு பையில் போட்டு, இருட்டில் கை நீட்டினால் கிடைக்கும்படி தலைமாட்டில் மாட்டி வையுங்கள். டைவுக்குப் போகும்போது அந்தப் பையையே தோணிக்கும் எடுத்துப் போகலாம். நீங்கள் நீருக்குள் இருக்கும்போது தோணி ஓட்டுபவர் அதன் மீது கண் வைத்திருப்பார். கேமரா பேட்டரிகளைக் கேபினில் சார்ஜ் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். சார்ஜ் செய்வதற்கென்று படகில் ஒதுக்கிய இடத்தில், ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் போடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சொன்னால், டாலர் நோட்டாக அதிகம் தேவைப்படாது. வழியில் வாங்கும் பானங்கள், உபகரண வாடகை, சுற்றுலாப் பயணிகளிடம் மாலத்தீவு அரசு வாங்கும் பசுமை வரி போன்றவை முன்கூட்டியே கட்டியதில் அடங்குமா என்று கேட்டு, முடிந்ததை ஊரிலிருந்தே கட்டிவிடுங்கள். ஊழியர்களுக்கான அன்பளிப்புதான் கையிருப்பில் பெரும் பகுதி. கடைசி இரவில் ஆளாளுக்குக் கட்டிலில் நோட்டுகளைப் பரப்பி, உறையில் போட எண்ணிக்கொண்டிருப்பார்கள். கதவு பாதி திறந்திருக்கும், பக்கத்து அறைக்காரர் சில்லறை கேட்டு வருவார். ஊரிலேயே தொகையை எண்ணி உறையிலிட்டு எடுத்துச் சென்றால் அந்தக் காட்சிக்கே இடமில்லை.

கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறப்பதும் மூடுவதும் வரம்பு வைப்பதும் வங்கிச் செயலியில் உங்கள் கையிலேயே இருக்கிறது. மாலே விமான நிலையத்தில் திறந்து, படகில் ஏறியதும் மூடிவிடுங்கள். நீங்கள் ஒரு வங்கியின் கார்டும் கணவர் வேறு வங்கியின் கார்டுமாக வெவ்வேறு பையில் வையுங்கள். கைப்பேசித் திரைக்குப் பூட்டு இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். சிம் கார்டை உருவி வேறு கைப்பேசியில் போட்டால் ஓடிபி அங்கே வந்துவிடும். அமைப்புகளுக்குள் சென்று சிம்முக்கும் பின் எண் போடுங்கள். நட்சத்திரம், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் அழுத்தினால் வரும் ஐஎம்இஐ என்ற கைப்பேசியின் அடையாள எண்ணை எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தொலைந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்தக் கைப்பேசியை முடக்க அது வேண்டும்.

கேமராவுக்கு நீங்கள் செய்ய வேண்டிய வேலை சென்னை விமான நிலையத்திலேயே இருக்கிறது. பெட்டியை ஒப்படைக்கும் முன் சுங்கத் துறை மேசையில் கேமராவையும் லென்ஸையும் வரிசை எண்ணோடு காட்டி ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொள்ளுங்கள். திரும்பும்போது அங்கே வாங்கியது என்று வரி கேட்க மாட்டார்கள், தொலைந்தால் அது உங்களுடையது என்பதற்கும் சான்றாகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மகாபலிபுரம் பக்கம் தேநீருக்கு நிறுத்தும்போது கேமராப் பையைக் காரில் விட்டு இறங்காதீர்கள்.

பயணக் காப்பீட்டை வாங்கும் முன் அதன் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். பல பாலிசிகளில் நகை, கேமரா, ரொக்கம் ஆகியவை உடைமைக் காப்பில் வராது; ஆள் இல்லாத இடத்தில் விட்ட பொருளுக்கும் ஈடு கிடைக்காது. டைவிங் விபத்தைக்கூடச் சில பாலிசிகள் சாகச விளையாட்டு என்று ஒதுக்கியிருக்கும். பொருளைவிட அதை முதலில் சரிபாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதேனும் காணவில்லை என்றால், முதலில் நீங்களும் கணவரும் கதவைச் சாத்திக்கொண்டு பைகள் அனைத்தையும் கொட்டிப் பாருங்கள். வெட் சூட் சட்டைப்பை, டைவ் பையின் வலைப் பகுதி, மெத்தைக்கும் சுவருக்கும் இடையிலான சந்து, கேமரா கழுவும் தொட்டியின் அடி ஆகியவற்றைப் பார்க்காமல் வாய் திறக்காதீர்கள். அறை துடைப்பவர் மீதுதான் எல்லோருடைய சந்தேகமும் முதலில் பாயும். பெரும்பாலும் குறைந்த சம்பளத்துக்குப் பிற நாட்டிலிருந்து வந்த இளைஞராக இருப்பார். நம் வாயிலிருந்து உணவு மேசையில் வரும் ஒரு சொல் அவர் வேலையைப் பறித்துவிடும், பொருள் பிறகு நம் பையிலேயே கிடைத்தாலும் அது திரும்பி வராது. ஆகவே கேப்டனிடம் தனியாக, யார் பெயரும் சொல்லாமல், என்ன, எப்போது கடைசியாகப் பார்த்தது என்பதை மட்டும் சொல்லி, படகின் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். தேடியும் கிடைக்கவில்லை என்றால் அடுத்து கரை தொடும் இடத்தில் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். மாலத்தீவில் காவல்துறை எண் 119. பாஸ்போர்ட் போயிருந்தால் அந்தப் புகாரின் நகலோடு மாலேயில் உள்ள இந்திய ஹை கமிஷன் என்ற தூதரகத்துக்குச் செல்ல வேண்டும். ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். அதற்கு ஓரிரு நாள் ஆகலாம் என்பதால், படகிலிருந்து இறங்கும் நாளன்றே விமானம் ஏறாமல் ஒரு நாள் இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள். டைவ் செய்தவர்கள் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால் அந்த ஒரு நாள் உங்களுக்கு எப்படியும் தேவைப்படும்.